வாடகை சைக்கிளில் கெத்தாம் பாதை ஓட்ட முடியுமா?

கேள்வி, ஏப்ரல் 24

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிளிலேயே கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவைச் சுற்றி வந்துவிடலாம், சொந்த சைக்கிள் எல்லாம் தண்டச் செலவு என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? நண்பனோடு ஒரு நாள் போய்வர நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். காட்டுப் பாதையில் ஓட்டியதில்லை.

பதில், ஏப்ரல் 24, இரவு

முடியாது.

சரி, ஒரு வார்த்தையில் முடித்தால் கோபப்படுவீர்கள். உபினில் தார்ச் சாலையில் சுற்ற, செக் ஜாவா ஈரநிலம் வரை போய்ப் பார்த்துவிட்டு இளநீர் குடித்துத் திரும்ப வாடகை சைக்கிள் போதும். கெத்தாம் வேறு சமாச்சாரம். 45 ஹெக்டேரில் பழைய கல் குவாரி ஒன்றைச் சுற்றி, மலைச் சைக்கிளுக்கென்றே வெட்டிய பாதை. 2008-இல் திறந்தார்கள். வேர், சரளை, செங்குத்தான இறக்கம் எல்லாம் உண்டு. வாடகை சைக்கிளில் முன் சஸ்பென்ஷன் பெயருக்குத்தான் இருக்கும், அமுக்கினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும். நான் 4 வருடமாக அங்கே ஓட்டுகிறேன், சொந்த சைக்கிளில். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏப்ரல் 25

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். பாதை முழுவதும் ஒரே கடினம் இல்லை. பலகைகளில் குறி போட்டிருப்பார்கள்: நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், ஒற்றைக் கறுப்பு வைரம் என்றால் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் இறங்கி நின்று யோசித்துவிட்டுப் போக வேண்டியது. பனிச்சறுக்குச் சரிவுகளுக்குப் போடும் குறிகளிலிருந்து வந்த பழக்கம் இது. நீலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வாடகை சைக்கிளிலும் ஒருவேளை முடியலாம். ஒருவேளைதான்.

ஏப்ரல் 28

இந்த இழையை என் நண்பன் படித்துவிட்டான். அவனிடம் சொந்த சைக்கிள் இல்லை. "மாப்ள, நீ சொல்றதைப் பொய்யாக்கிக் காட்டுறேன், மே 1 லீவுதானே" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். தெம்பனீஸ்காரன். கடைசியாக அவன் சைக்கிள் மிதித்தது கல்லூரியில்.

மே 1, இரவு 10.40

போய் வந்தாயிற்று. வலது முழங்கை எரிகிறது. நாளை எழுதுகிறேன். அதுவரை நான் 24-ஆம் தேதி எழுதிய முதல் வார்த்தையை யாரும் நம்ப வேண்டாம்.

மே 2

முதலில் போக்குவரத்து, ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் தனியாகக் கேட்கிறார்கள். மடிக்காத சைக்கிளை ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் நான் பிடோக்கிலிருந்து கடற்கரை வழியாக மிதித்தே, உபினுக்குப் படகு கிளம்பும் சாங்கிக்குப் போனேன். விமான நிலைய ஓடுபாதையை ஒட்டி நீளும் அந்த நேர் சாலையில் காலை 6.30-க்குக் காற்று முகத்தில் அறைந்தது. போவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விட்டது. நண்பன் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, தூங்கி, சாங்கி கிராமத்தில் இறங்கி, உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டு முடித்திருந்தான். இது அவனுக்கு முதல் புள்ளி.

படகுக்கு நேரக் கணக்கு கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். சாதாரண நாளில் 11 பேர் உட்கார்ந்துகொண்டு அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்காகப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். சில சமயம் ஆளுக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகப் போட்டுக் கிளம்பச் சொல்வோம். விடுமுறை நாள் என்பதால் நேற்று வரிசை தெருவரை நின்றது, படகுகள் நிரம்பி நிரம்பிப் போயின. ஆளுக்கு 4 வெள்ளி, என் சைக்கிளுக்கு 2. நண்பனுக்கு அந்த 2 மிச்சம். சைக்கிளைத் தூக்கிப் படகின் மூக்கில் வைக்கும்போது பின்பக்கக் கியர் மரத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொண்டேன். பிறகு நடந்ததற்கும் படகுக்காரருக்கும் சம்பந்தமில்லை.

இறங்கியதும் ஊருக்குள் வரிசையாக வாடகைக் கடைகள். நண்பன் 12 வெள்ளிக்கு ஒன்றை எடுத்தான். சைக்கிள் சட்டத்தில் (ஃபிரேமில்) வெள்ளை பெயின்ட்டில் 47 என்று எழுதியிருந்தது. பச்சை நிறம், முன்னால் பிளாஸ்டிக் கூடை. கூடையைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் கடைக்கார அம்மாவும் சேர்ந்துகொண்டார். அவன் மட்டும் சிரிக்காமல் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், அது", "அதுவும் வேண்டாம், இது" என்று நான்கு சைக்கிளை மாற்றித்தான் 47-க்கு வந்திருந்தான். அப்போது எனக்கு அது பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது.

படகுத்துறையிலிருந்து இடப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் போனால் செக் ஜாவா. வழியில் பெக்கான் குவாரி வரும். நீர் நிரம்பிப் பச்சையாகக் கிடக்கும், நடுவிலுள்ள மரங்களில் நாரைகள். இந்தத் தீவின் கருங்கல்தான் 1851-இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போனது, பின்னர் ஜொகூர் பாலத்துக்கும் போனது. 1999-இல் கடைசிக் குவாரியும் மூடிய பிறகு குழிகளில் மழைநீர் நின்று ஏரியாகிவிட்டது. கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. நண்பனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லிக்கொண்டே போகக் கூடாது, மூச்சு வாங்கும்.

முந்தின இரவு மழை. நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் வளர்ந்தவன். அங்கே மழை பெய்தால் மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சைக்கிளே நகராது, தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உபின் மண் அப்படி ஒட்டாது. மேலே சோப்புத் தடவிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒட்டினால் நின்றுவிடுவோம். வழுக்கினால் நிற்க முடியாது. 4 வருட அனுபவத்தில் இதைத்தான் நண்பனுக்கு விளக்கிக்கொண்டு முன்னால் போனேன். "வேர் வந்தா பிரேக் பிடிக்காதே, சக்கரம் வேருக்கு நேரா போகணும், சாய்ச்சுப் போகாதே" என்று திரும்பிக் கத்தினேன். திரும்பியிருந்ததால் என் முன்னால் இருந்த வேரைப் பார்க்கவில்லை. பார்த்ததும் பிரேக் பிடித்தேன், அதுவும் முன் பிரேக். சக்கரம் வேரோடு இடப்பக்கம் நழுவிப் போக, நான் வலப்பக்கம் விழுந்தேன்.

வலப்பக்கம் விழுந்தால் அடி முதலில் கியருக்கு. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு உண்டு. சட்டம் உடையாமல் தான் வளையட்டும் என்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். அது உள்பக்கமாக வளைந்திருந்தது. கையால் கொஞ்சம் நிமிர்த்தினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஏற்றத்தில் வழக்கம்போலக் கடைசிக் கியருக்குத் தட்டினேன். கியர் ஆரக்கம்பிகளுக்குள் போய் மாட்டி, 'டக்' என்று ஒரு சத்தம். ஹேங்கர் இரண்டு துண்டு.

பின்னால் வந்த நண்பன் எங்கே? அந்த வேரைப் பார்த்ததும் 47-இலிருந்து இறங்கி, செருப்பில் மண் படாமல் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தான். "அப்பவே இறங்கிட்டேன் மாப்ள" என்றான்.

சங்கிலி கழற்றும் கருவி பையில் இருந்தது. கியரைக் கழற்றிவிட்டு, சங்கிலியைச் சுருக்கி, நடுவிலுள்ள பல்சக்கரம் ஒன்றில் மாட்டி ஒற்றைக் கியராக்கினேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சக்கரத்தை முன்பின் தள்ளிச் சங்கிலியை இறுக்க முடியாத சட்டம் இது. நாலு மிதிக்கு ஒரு தடவை சங்கிலி குதித்தது. கடைசியில் தள்ளிக்கொண்டே படகுத்துறைக்கு வந்தோம்.

மே 2, சற்றுப் பிறகு

மேலே "செருப்பில்" என்று எழுதியிருப்பதைக் கவனித்துச் சிலர் கேட்கிறீர்கள். ஆமாம், செருப்பு. அதை நான் ஆதரிக்கவில்லை. தலைக்கவசம் மட்டும் என்னிடம் இருந்த இரண்டாவதைக் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டேன்.

மே 4

நண்பன் மே 2 குறிப்பைப் படித்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டான். "தள்ளிக்கொண்டு வந்தோம்னு எழுதியிருக்கியே, அந்த 'வந்தோம்' யாரு?" என்று கேட்டான்.

சரி. உண்மையை எழுதிவிடுகிறேன்.

சங்கிலி குதிக்க ஆரம்பித்ததும் நான் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாதத்தில் ஒரு நாள் கிடைக்கும், அதுவும் இப்படியா என்ற கடுப்பு. அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "நீ இதை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வா, உன் வண்டியை நான் உருட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 47-ஐ வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அவன் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலைக்குப் போய், இறக்கங்களில் ஏறி உட்கார்ந்து, மற்ற இடங்களில் தள்ளி, படகுத்துறைக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தான். வழியில் காட்டுப் பன்றி ஒன்று குட்டிகளோடு குறுக்கே வந்ததாம், அவன் என் சைக்கிளைக் கேடயம் மாதிரி முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றானாம். அதையும் நான் எழுதவில்லை என்று வருத்தம். எழுதிவிட்டேன்.

முதல் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது என்பதால் 47-இல் நான் சுற்றியதைப் பற்றி: நீலச் சதுரப் பகுதி முழுவதும் ஓட்டினேன். எங்கும் விழவில்லை. காரணம் எனக்கே பிடிக்காத காரணம். அந்த வண்டியை நம்பாததால் மெதுவாகப் போனேன். என் சைக்கிள் தாங்கிக்கொள்ளும் என்று யோசிக்காமல் பாயும் இடங்களில் எல்லாம், இதில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இருக்கையிலிருந்து எழுந்து, பெடல் இரண்டையும் சமமட்டத்தில் வைத்து, முழங்கையை மடக்கி, அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். புத்தகத்தில் உள்ளபடி. என் சைக்கிள் வந்த பிறகு நான் மறந்துபோன பாடம் எல்லாம் கூடை வைத்த வண்டியில் திரும்பி வந்தது. கைமட்டும் நடுங்கிப் போனது, சஸ்பென்ஷன் நான் சொன்னபடிதான் இருந்தது. அந்த விஷயத்திலாவது நான் சொன்னது சரி.

மே 4, மதியம்

கறுப்பு வைரத்தில் 47-ஐ ஓட்டினாயா என்று ஒருவர் கேட்கிறார். இறங்கித் தள்ளினேன். வைரம் வரும் இடங்களில் எல்லாம் தள்ளினேன்.

மே 5

டயர் காற்று பற்றி. என் சைக்கிளில் அன்றைக்கு 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்தது. சாங்கி வரை தார்ச் சாலையில் மிதிக்க வேண்டுமே என்று நிறைய அடித்துக்கொண்டு போனேன், தீவில் இறங்கிக் குறைக்க மறந்துவிட்டேன். என் எடை 78 கிலோ, அகலமான டியூப்லெஸ் டயர், ஈர வேருக்கு 24 பக்கம் போதும். காற்று குறைந்தால் டயர் வேரைக் கவ்வும், நிறைந்தால் பந்து மாதிரி எகிறும். நான் விழுந்ததில் இதற்கும் பங்கு உண்டு. வாடகை சைக்கிளில் உள்ளே டியூப் இருக்கும், அதில் இவ்வளவு குறைத்தால் கல்லில் இடித்து டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். எனவே 47-காரர்கள் இந்தக் குறிப்பைப் பின்பற்ற வேண்டாம்.

மே 6

"விழுந்ததற்கு முன் பிரேக், ஈர மண், டயர் காற்று என்று மூன்று காரணம் சொல்லிவிட்டாய், பேசிக்கொண்டே ஓட்டியதைச் சொல்லவில்லை" என்கிறான் நண்பன். குறித்துக்கொண்டேன்.

மே 9

கொஞ்சம் வழி மாறுகிறேன். பழைய வண்டியில் மலை இறங்குவது புதிதில்லை, இந்த விளையாட்டே அப்படித்தான் தொடங்கியது. கலிபோர்னியாவில் மரின் கவுன்டி என்ற இடத்தில் 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய கனத்த சைக்கிள்களைத் தேடி எடுத்து, அவற்றில் மலைப்பாதை இறங்கினார்கள். கியர் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும் வகை. 3 கிலோமீட்டர் சொச்சத்தில் கிட்டத்தட்ட 400 மீட்டர் இறக்கம். அடிவாரம் சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் எரிந்து புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. முதல் போட்டி 1976 அக்டோபர் 21. பின்னர் ஒரு போட்டியில் கேரி ஃபிஷர் அந்தப் பாதையை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே தனியாகச் சைக்கிள் சட்டம் செய்தார். அங்கிருந்து 20 வருடத்துக்குள், 1996 அட்லாண்டாவில், ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது.

உபினின் உயரமான புக்கிட் புவாக்காவே 75 மீட்டர்தான். 47-இன் பிரேக் புகையும் அளவுக்கு இங்கே இறக்கம் இல்லை. ஆனால் கோவில்பட்டியில் மணிக்கணக்கில் வாடகை எடுத்த சைக்கிளில் பிரேக்கே இல்லாமல், செருப்புக் காலைச் சக்கரத்தில் வைத்து நிறுத்தி அரைப்பெடல் கற்றவன் நான். அந்தக் காலத்தில் வாடகை சைக்கிளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

மே 17

இழை எங்கெங்கோ போய்விட்டது, கேள்வி கேட்டவர் இன்னும் காத்திருக்கிறார். இந்த வாரம் போகிறாராம்.

போகலாம். கூடை இருக்கட்டும், சஸ்பென்ஷன் இல்லாவிட்டால் போகட்டும், பிரேக்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள், பின்சக்கரம் மேலே எழும்ப வேண்டும். லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். இருக்கையைக் கீழே இறக்கக் கடையிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் அது உங்களைப் பின்னாலிருந்து தள்ளும். எங்கே போகிறீர்கள் என்று கடையில் கேட்டால் மறைக்காதீர்கள். நண்பன் கெத்தாம் என்று சொன்னதால்தான் அந்த அம்மா நாலு வண்டி மாற்றிக் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது.

காலையில் போய்விடுங்கள். இந்த மாதங்களில் பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும், தீவில் ஒதுங்க இடம் அதிகம் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பூங்காவுக்குள் கடை கிடையாது. பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு போக வேண்டாம், குரங்குகளுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அப்புறம், செருப்பு வேண்டாம்.

மே 19

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். நன்றாக இருந்ததாம். இரண்டு வரிதான் எழுதினார். அதில் ஒரு வரி, படகுத்துறையில் இளநீர் விலை பற்றி.

ஜூன் 2

ஹேங்கர் புராணம். ஒரு மாதமாக என் சைக்கிள் சுவரில் தொங்குகிறது. அந்தத் துண்டு ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். கடையில் உடைந்த துண்டைக் காட்டினேன், "இதேதான்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து வைத்தால் திருகு ஓட்டை 2 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் உறையைப் பிரித்துவிட்டீர்களே என்கிறார்கள். உறையைப் பிரிக்காமல் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? கடைப் பெயர் வேண்டாம். இணையத்தில் சரியானது கிடைத்தது. இரண்டு வாங்கினேன், ஒன்று இனிமேல் எப்போதும் பையில் இருக்கும். கட்டைவிரல் அளவுதான். சாங்கியிலிருந்து வீட்டுக்குப் பெரிய டாக்சி பிடித்த பணத்தை இதனுடன் ஒப்பிட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 15

இன்று மறுபடி போனோம். டயரில் 24. வழியில் பேசவில்லை, அதாவது முன்னால் போகும்போது பேசவில்லை.

நண்பன் போன தடவை எடுத்த கடைக்கே நேராகப் போய் 47 வேண்டும் என்றான். காலையிலேயே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மற்ற வண்டிகளின் பிரேக்கை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான், எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தான். மே 1 அன்று அவன் ஒரு மணி நேரம் என் சைக்கிளை உருட்டியது எனக்கும் ஞாபகம் இருந்தது.

நான் 31-ஐ எடுத்துக்கொண்டேன். மணி இருக்கிறது, கூடை இல்லை. என் சைக்கிளை அவன் ஓட்டினான். கறுப்பு வைரம் ஒன்றில் இறங்காமலே போனான், அதே வேரில் விழுந்தான். இடப்பக்கம் விழுந்தான், ஹேங்கருக்கு ஒன்றும் இல்லை.